தொங்கும் துணி

பிடித்து ஒரே இழுப்பு. காரின் கூரைத் துணி டர்ரென்று கிழிந்து அவள் மடியில் விழுந்தது.

உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு மாவாகிக் கிடந்தது. வேலூர் வெயில் சும்மா விடுமா? மஞ்சள் நிறப் பஞ்சுத்தூள் பட்டுப்புடவையெல்லாம் கொட்டியது.

கொட்டட்டும்.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் மறுபடி காரில் ஏறியிருந்தாள். அவ்வளவு ஆத்திரம்.

நிச்சயதார்த்த வீட்டில், அத்தனை பேர் நடுவில், நாத்தனார் அவள் தலையைத் தட்டிவிட்டுக் கேட்டாள். "என்ன அண்ணி, இவ்ளோ பொடுகு?"

பொடுகாம்!

இரண்டு வருஷமாகத் தொங்குகிறது அந்தத் துணி. அவர் தலையில் படாது. அவள் தலையில்தான் உட்கார்ந்து தூளை உதிர்க்கும். சரி பண்ணுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கொஞ்சம் குனிந்துகொள் என்பார்.

கல்யாண ஃபோட்டோவுக்கே ஒரு படி கீழே நின்றவள்தானே! புருஷனைவிட வளர்ந்தது அவள் செய்த குற்றம். அன்றிலிருந்து ஹீல்ஸ் கிடையாது. உச்சிக்கொண்டை கிடையாது. அவரோடு நடந்தால் தோளை ஒடுக்கிக்கொள்வாள்.

போதும்.

கூரை அட்டையைக் கழற்றி வாசலில் போட்டாள். துணி துவைக்கும் பிரஷால் பழைய பஞ்சைப் பரபரவென்று தேய்த்தாள். அவரையே தேய்ப்பதுபோல் தேய்த்தாள்.

மறுநாள் புதுத் துணி வாங்கிவந்தாள். பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள். ஒரு சுருக்கம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஏறி உட்கார்ந்து மேலே பார்த்தார். தானே ஒட்டியதுபோல் தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள்.

தெருமுனை தாண்டியதும் அவருக்குச் சிரிப்பு.

"இன்னும் எதுக்கு பரிமளா குனிஞ்சே உக்காந்திருக்க?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தலைக்கு மேல் நிறைய இடம் இருந்தது. கழுத்து தன்பாட்டுக்கு மடங்கிக் கிடந்தது.

கேட்கிற ஆளைப் பார்!

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று நிமிர்ந்தாள். பின்கழுத்து சுளீரென்றது.

வலிக்கட்டும்.

சிக்னலில் வண்டி நின்றது. ஏதோ சொல்லத் திரும்பியவர், அவள் முகத்தைப் பார்க்க அண்ணாந்தார்.

"சொல்லுங்க" என்றாள்.

குனியவில்லை.