போன் நம்பரைப் போட்டுத் தேடு

"கம்ப்யூட்டர்ல ஒரு பில்லைத் தேட இவ்வளவு நேரமா? சம்பளம் மட்டும் டாண்ணு வேணும்!" கடை முதலாளி எரிந்து விழுந்தார். ஓடாத ஃபேனோடு வந்திருந்த பெரியவர் முறைத்தபடி நின்றார்.

கணக்கு பார்க்கும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவர் பேர்ல பில்லே இல்லை சார். அன்னைக்கு நான் லீவு, நீங்கதான் போட்டீங்க."

"அப்போ போன் நம்பரைப் போட்டுத் தேடு! இதையும் நானே சொல்லணுமா?"

தேடினாள். உடனே வந்தது. பார்த்ததும் திகைத்தாள். "சார், நீங்க மட்டும் கொஞ்சம் வந்து..."

"எனக்கு எதுக்கு? அவருக்குக் காட்டு, மண்டு!"

திரையை வெடுக்கென்று திருப்பினாள்.

வாடிக்கையாளர் பெயரைப் பெரியவர் சத்தமாகவே படித்தார். "நச்சரிப்புக் கிழம்."

முதலாளியின் முகம் வெளிறியது.

"அதை ஒரு பிரின்ட் எடும்மா," என்றார் பெரியவர். "இவருக்குக் கட்டிக்கொடுத்த என் பொண்ணுகிட்ட காட்டணும்."