யார் முதலில் ஏறுவது

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்” என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக இதே பதில்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் நோயைக் காட்டிக்கொடுக்கிற பி.எஸ்.ஏ. அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. இந்த வருடம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்தடுத்து மூன்று தடவையும் ஏறுமுகம்.

நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டு, என்னென்ன செய்யலாம் என்பதையும் பொறுமையாக விளக்கினார். ஏழு வாரம் கதிர்வீச்சு கொடுக்கலாம். கூடவே ஆறு மாதம் ஹார்மோன் ஊசி போடலாம். ஆனால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், ஆளை அசத்திப் போடும். ஒன்றும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்கவும் செய்யலாம். இவருக்குக் கதிர்வீச்சுதான் நல்லது என்பது அவர் எண்ணம். அளவு குறைவாக இருக்கும்போதே ஆரம்பித்தால்தான் பலன் அதிகம், ரொம்ப யோசிக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எழுபதை நெருங்கியும் காலை எட்டு மணிக்கு டாண் என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

மகன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தினம் பத்து டாக்டர்களைப் பார்த்து மூச்சுவிடாமல் பேசுகிறவன். வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

அப்பாவை விட அம்மாவின் மேல்தான் அவனுக்குக் கோபம் அதிகம். நாற்பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள், “அவர் உடம்பு, அவர் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கல்நெஞ்சா என்று அவனுக்கு ஆறவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“உங்களுக்குப் பயம்ப்பா. அதை ஒத்துக்குங்க. ஒரு மிஷின்ல தினம் பத்து நிமிஷம் படுக்க இவ்வளவு பயமா?”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். மடிப்பெல்லாம் கிழிந்து பழுப்பேறிப் போயிருந்தது.

மகனுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுத்தது. அப்பாவுக்கு வந்திருப்பதால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், நாற்பத்தைந்து ஆகிறது, ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றிருந்தார். பார்த்தாச்சு, எல்லாம் நார்மல் என்று வீட்டில் சொல்லியிருந்தான்.

“போன மாசம் உன் பையில பேனா தேடினேன். லேபுக்குப் போகாத இந்தச் சீட்டு கிடைச்சுது” என்றார் அப்பா.

இனி என்னத்தை மறைக்க. மூன்று தடவை லேப் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததை மகன் ஒத்துக்கொண்டான். ஆபரேஷனுக்கு அப்புறம் டியூபும் பையுமாக அப்பா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். தனக்கும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அப்பா திட்டவில்லை.

“ரிப்பேர் பண்ணின லிஃப்ட்ல முதல்ல யாருடா ஏறணும்?”

“ரிப்பேர் பண்ணினவர்.” சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாடம்.

“வெளியில நின்னுக்கிட்டு, ஒண்ணும் ஆகாது, ஏறுங்கன்னு சொல்றவன் பேச்சை நான் கேக்கிறதில்லை. நீ முதல்ல கையை நீட்டு. அப்புறம் நான் படுக்கிறேன்.”

“இதுல என்னப்பா பேரம்? உங்களுக்கு நாள் போயிட்டே இருக்கு.”

“போகட்டும்.”

அப்பா மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார். மகனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தான் பயந்து பின்வாங்குகிற ஒவ்வொரு நாளும் அப்பாவின் உடம்புக்குள் அது ஏறிக்கொண்டே போகிறது என்ற நினைப்பு அவனை அறுத்தது. தனக்கு வந்தால் வரட்டும், அப்பாவைத் தன் பயத்துக்குப் பலி கொடுக்க முடியாது.

புதன்கிழமை காலை, அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அதே ஆஸ்பத்திரியின் லேபுக்குப் போனான். நர்ஸ் இரண்டு தடவை, “கையைத் தளர்த்துங்க சார்” என்றாள். ஊசி இறங்கியதும் எடுத்ததும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ரிசல்ட் சாயங்காலம் என்றார்கள்.

அதுவரை உட்கார்ந்து நகம் கடிக்க அவனுக்குப் பொறுமையில்லை. இன்றைக்கே அப்பாவுக்குத் தேதி வாங்கிவிடவேண்டும், இனி ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று கீழ்த்தளத்தில் இருந்த கதிர்வீச்சுப் பிரிவுக்கு ஓடினான்.

வராந்தா பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் சட்டையும் மூக்குக்கண்ணாடியும்.

அவன் கிட்டே போனான். அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைத்தான் பார்த்தாள். அதைத் தொட்டுப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்பா எங்கேம்மா?”

சிவப்பு விளக்கு எரிந்த கதவைக் காட்டினாள்.

“உள்ளே இருக்கார். ஸ்கேன், அளவெடுப்பெல்லாம் முடிஞ்சு, கதிர்வீச்சு ஆரம்பிச்சு இன்னிக்குப் பதினோராவது நாள். டாக்டர் சொன்ன மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுட்டார்டா. உன் கையில ஊசி ஏறுற வரைக்கும் வீட்டுல மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்.”