ஏழு மணி ஊசி

ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் துரை எழுந்துகொள்கிறது. சர்க்கரை நோயில் கண் போன நாய். சுவரை உரசியபடியே வந்து, தையல்காரரின் முழங்காலுக்கு முன்னால் நின்று, தோளைத் திருப்பிக் காட்டுகிறது. காலை ஏழு மணி வெயில் தையல் மெஷின் மேல் விழுந்திருக்கிறது. நாளெல்லாம் ஊசி பிடிக்கிற கைதான். ஆனாலும் இந்த ஊசியைப் பிடித்த முதல் மாதம் அது உதறிய உதறலுக்கு மகள் சிரித்திருக்கிறாள். இன்று அவள் சிரிக்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "துரைக்குக் கிட்னியும் போயிடுச்சாம்ப்பா. இன்னும் வைத்தியம் பார்க்கணுமான்னு டாக்டர் கேக்கறார். என்ன சொல்ல?" தையல்காரர் துரையின் தட்டைப் பார்க்கிறார். மூன்றாவது நாளாகத் தொடாத சாப்பாடு. சாப்பிட்ட பிறகுதான் இன்சுலின் என்பது டாக்டர் போட்ட சட்டம். மனைவி போனபின் அடுப்புப் பக்கமே போகாமல் கிடந்தவரை இரண்டு வருஷமாக வேளாவேளைக்கு எழுப்பி, துரைக்கு வைத்த கையோடு தானும் நாலு வாய் சாப்பிட வைத்தது அந்தச் சட்டம்தான். "போதும்மா. கடைசி ஊசியை வீட்டுக்கே வந்து போடச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா பயப்படும்." ஊசியை மூடி உள்ளே வைக்கிறார். துரை இன்னும் தோளைக் காட்டியபடியே நிற்கிறது. "உன் புண்ணியத்துல நானும் சாப்பிட்டேன்டா," என்று குனிந்து, ஊசி போட வழக்கமாகப் பிடிப்பதுபோல் அதன் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பிடித்து, வெறுமனே விட்டுவிடுகிறார். "ஆச்சுடா, ராஜா." தினமும் ஊசி முடிந்ததும் ஆட்டுவதுபோலவே துரை வாலை ஆட்டுகிறது.