பிணம் பார்க்கிற வேலை

“இந்தக் கதையிலயும் பொணத்த மொதல்ல பாக்குறது நான்தானா, டீச்சரம்மா?”

ஜெபஷீலா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் சங்கிலியம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் கூடை, கையில் திராட்சை வெட்டுகிற கத்தரி. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் பனி மட்டும் இருந்தது.

“வேற யாரு பாக்குறது? விடியுமுன்ன தோட்டத்துக்குப் போறவ நீதானே.”

“எத்தனை கதை, எத்தனை பொணம்! தண்ணி பாய்ச்சப் போனா வாய்க்கால்ல கெடக்கு. திராட்சைக் கொலை வெட்டப் போனா பந்தலுக்குக் கீழ கெடக்கு. போன கதையில கெணத்த எட்டிப் பாத்தேன், அங்கனயும் ஒருத்தரு மல்லாக்க மெதக்குறாரு!”

ஜெபஷீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு மோசமான ஆளு. போனாப் போறாரு, விடு.”

“அவருக்கென்ன, படுத்துட்டாரு. கத்தி ஊரக் கூட்டுனது நானு. அப்பறம் அந்தத் தபால்காரப் புள்ள மகிமா சாவகாசமா வருவா, டீயக் குடிப்பா, இவன்தான் கொலைகாரன்னு கைய நீட்டுவா. பேரு அவளுக்கு. எனக்குத் தொண்டை கட்டுனதுதான் மிச்சம். கூட வேலை பாக்குறவளுகளும் ஒதுங்குறாளுக, இவ போற எடத்துல பொணம் விழும்னு.”

ஜெபஷீலாவின் கதைகளில் கொலை உண்டு, ரத்தம் தெறிக்காது. கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

“என் புத்தகத்தப் படிச்சிட்டுப் படுத்தா நல்லாத் தூக்கம் வருதுன்னு எல்லாரும் சொல்றாக, சங்கிலி.”

“அவுக தூங்குறாக. நான் எப்பத் தூங்குறது? பந்தலுக்குக் கீழ அண்ணாந்து அண்ணாந்து கழுத்து நிக்க மாட்டேங்குது. ஒரே ஒரு நாளு, தோட்டத்துக்குப் போகாம, வெயிலு ஏறுற மட்டும் தூங்கணும். அம்புட்டுத்தான் கேக்குறேன்.”

“நாளைக்குப் பதிப்பகத்துக்காரர் வர்றாரு ஆத்தா. மொத அத்தியாயம் கேப்பாரு. நீ போகலைன்னா பொணத்த யாரு பாப்பா? பொணம் கெடைக்கலைன்னா மகிமா எதக் கண்டுபிடிப்பா? கதையே நகராது.”

“ஒரு நாளைக்கு நகராமத்தான் கெடக்கட்டுமே.”

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசை விளிம்பில் தயங்கியது. சங்கிலியம்மாளுக்கு நின்றபடியே கண் சொருகியது. கத்தரியை மேசைமேல் வைத்தாள். வைத்த பிறகும் விரல்கள் அதைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

ஜெபஷீலா அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. நாளைக்குத் தோட்டம் வேணாம். அவருகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன். வீட்டுக்குப் போயிப் படு.”

சங்கிலியம்மாள் நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“வீடு எங்கன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், டீச்சரம்மா? இத்தனை கதையில ஒரு தடவையாச்சும் எனக்கு ஒரு வீடு எழுதியிருக்கீகளா?”

ஜெபஷீலா புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தேவாரம் ஊருக்குப் போகிற சாலையோரம் ஒரு புங்கமரத்தை வைத்து, அதன் நிழலில் ஓட்டு வீடு ஒன்றைக் கட்டி, பாய் விரித்து, அவளைப் படுக்கவைத்தார். அவளை எழுப்புகிற வரியை மட்டும் எழுதவில்லை.