ஒரே ஒரு டிங்

காபி டம்ளரை வாங்க அய்யாசாமி இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தக் கைகளைப் பார்த்ததும் திருவேங்கடம் டம்ளரைக் கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் தோல்வார் அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன தழும்பு. இந்த மனிதர் வீட்டுக்கா தன் பெண் மருமகளாகப் போகப்போகிறாள்?

சமையற்கட்டுக்குப் போன திருவேங்கடத்திடம் அவர் மனைவி நாகவல்லியும் அதையேதான் கிசுகிசுத்தாள்.

"ஏங்க, மாப்ளயோட அப்பா கையப் பாத்தீங்களா? போலீசுன்னு தரகர் சொன்னாரே, எத்தினி பேர பெல்ட்டால வெளுத்தாரோ!"

"அதுக்காவ இந்த எடத்தையும் உட்றதா? தாட்சாயிணிக்கு இருபத்தேழு ஆவுது. வாய மூடிக்கினு பஜ்ஜிய எட்தா."

ஏற்கெனவே இரண்டு வரன்கள் 'சினிமாக்காரன் வீடா?' என்று கேட்டுவிட்டு நழுவிப் போயிருந்தன. இது மூன்றாவது. மாப்பிள்ளை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, நல்ல பையன். பெண்ணுக்கும் அவனைப் பிடித்துவிட்டது என்பது அவள் மூன்றாம் முறையாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததிலேயே தெரிந்தது.

ஆனால் தரகர் வாய் சும்மா இருக்குமா? "பொண்ணோட அப்பா சினிமா ஆர்கெஸ்ட்ராவுல பெரிய பிடில் வித்வான்" என்று ஆவடியில் மாப்பிள்ளை வீட்டில் போய் அளந்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பொன்னியம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம. டி.வி.ல பாட்டு போடறதுக்குள்ள ஊடு போய்ச் சேருவோமோ இன்னாமோ. நீங்களே ஒண்ணு வாசிச்சுடுங்கண்ணா."

திருவேங்கடத்துக்குப் பொய் சொல்ல வராது. பீரோவைத் திறந்து சிவப்புத் துணி முடிச்சு ஒன்றை எடுத்துவந்து அவிழ்த்தார். உள்ளே முக்கோணமாய் வளைத்த இரும்புக் கம்பி ஒன்று, அதைத் தட்டக் குட்டிக் கம்பி ஒன்று.

"பிடிலு?" என்றாள் பொன்னியம்மா.

"அதுக்கு முப்பது பேரு கீறாங்கம்மா. எனக்கு இதான்."

தரகர் அவசரமாக ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார்.

"செரி, அத்தயே தட்டுங்க."

"சும்மா தட்னா அது கம்பிம்மா. எண்ணித் தட்னாத்தான் வாத்தியம்."

பிறகு பொறுமையாக விளக்கினார். போன மாதம் பதிவான ஒரு சோகப் பாட்டு. அதில் அறுபத்து நாலு பார், அதாவது தாளக் கட்டு, அவர் சும்மா இருக்கவேண்டும். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை. அறுபத்தைந்தாவது பார் தொடங்கியதும் ஒரே ஒரு டிங். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டிங்கைக்கூட அவர் இடம் தவறி அடித்ததில்லை.

எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்து, கம்பியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

கூடத்தில் ஒரு சத்தமில்லை. முதல் நிமிஷம் எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது நிமிஷம் பொன்னியம்மா தரகரைப் பார்த்தாள், தரகர் மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் கிடைத்த நேரத்தை வீணாக்காமல் தாட்சாயிணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அய்யாசாமி கண்ணை மூடிவிட்டார். உதடு முணுமுணுத்தது, கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து தப்பிக்கக் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார் என்றே திருவேங்கடம் நினைத்தார். ஆனாலும் எண்ணுவதை விடவில்லை.

நாற்பத்தொன்றாவது பாரில் எஸ்டேட் கம்பெனியில் நாலரை மணிச் சங்கு ஊதியது. மண்ணூர்பேட்டையே அதிர்ந்தது. அது ஓய்ந்தபோது திருவேங்கடத்துக்கு எண்ணிக்கை தவறியிருந்தது. இப்போது நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா?

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை! நாற்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டு மேலே போனார். இந்த வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

டிங்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான டிங். ஆறிப்போன பஜ்ஜிகளின் மேல் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அடங்கியது.

"அப்பறம்?" என்றாள் பொன்னியம்மா.

"அவ்ளோதாம்மா."

"இதுக்கா நாலு நிமிசம்? எங்க போனாலும் எனுக்கு இதே தலையெழுத்து!" பொன்னியம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏந்திரு நைனா, போலாம்."

பையன் எழுந்திருக்கவில்லை. கதவோரம் தாட்சாயிணியின் கண் நிறைந்துவிட்டது. ஒரு கம்பியைத் தட்டிப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று திருவேங்கடத்துக்கு அழுகையே வந்தது.

அய்யாசாமி கண்ணைத் திறந்தார். மீசை துடித்தது.

"உக்காருடி" என்று மனைவியை ஓர் அதட்டு அதட்டினார். எழுந்து நேரே வந்து, அந்தக் காய்த்த கைகளால் திருவேங்கடத்தின் தோள்கள் இரண்டையும் பிடித்தார். நாகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு பார் முன்னாடியே தட்டிட்டீங்களே சம்பந்தி, போலீஸ் பேண்டுல தோல்வார் கட்ன பித்தளைத் தட்டு அடிக்கிற எனுக்கே பக்குனு ஆயிப்போச்சு!"