நல அதிகாரியின் கவலை

"ராஜினாமாவா? அப்படி உங்களுக்கு இங்க என்ன குறை வச்சோம்?"

தொழிலாளர் நல அதிகாரிக்குக் குரலே உடைந்துவிட்டது. எதிரே நின்ற லேத்காரர் தலையைச் சொறிந்தார். அரசு நிறுவனத்தில் நிரந்தர வேலையை உதறிவிட்டு, மச்சினன் வைத்திருக்கிற சின்னப் பட்டறைக்குப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் எந்த அதிகாரிதான் பதறமாட்டார்?

"குறை ஒண்ணும் இல்லைங்க சார். வேலை பாக்கணும்னு ஆசையா இருக்கு."

"அதை இங்கயே பாத்தா என்ன?"

"எங்க சார் விடறீங்க? காலையில லேத்தை ஆன் பண்ணினா டாக்டரம்மா வந்து பிரஷர் பாக்கறாங்க. அவங்க போனா யோகா மாஸ்டர். இழுத்த மூச்சை விடறதுக்குள்ள கேன்டீன்காரர் கரண்டியோட வந்து, உப்பு சரியா இருக்கான்னு கேக்கறார். சாயங்காலம் கேரம் கோச். போன மாசம் கடையறதுக்கு மாட்டின இரும்பு ஷாஃப்ட் இன்னும் லேத்துலயே கிடக்கு சார்! கை தொழிலையே மறந்துடும்போல இருக்கு."

சொல்லும்போதே லேத்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி உடனே டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். அதுவும் நலத்திட்டத்தில் வந்ததுதான்.

"வேலை பாக்கற ஆசை வந்துட்டா கவலைப்படாதீங்க. அதுக்கு ஒரு மனநல ஆலோசகரை நாளைக்கே போட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்!"

"இந்த வருஷம் தொழிலாளர் நல விருது நமக்குத்தான்னு பேச்சு அடிபடுது. இப்பப் போய் நீங்க கிளம்பினா ஊரே கைகொட்டிச் சிரிக்காதா?"

"விருதை நீங்க வாங்கிக்குங்க. என்னை விட்டுடுங்க."

அதற்குள் விஷயம் கசிந்து வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குழந்தைகள் காப்பக ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எம்மேல ஏதாவது கோவமாண்ணே? உங்க பையனை ஒரு நாளாவது காப்பகத்துக்கு அனுப்புங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்?"

"அவன் காலேஜ் படிக்கிறாம்மா."

"படிச்சா என்ன? தொட்டில் சும்மாதானே கிடக்கு!"

லேத்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வராந்தாவில் டாக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கேன்டீன்காரர் கரண்டியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் மச்சினன் பட்டறையில் கேட்கிற சம்மட்டிச் சத்தம் லேத்காரரை இழுத்தது.

"மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் வந்திருக்கேன் சார். கையெழுத்தைப் போடுங்க."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார். லேத்காரருடைய இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன், போயிடாதீங்க! மத்தவங்க எல்லாரும் எப்பவோ விருப்ப ஓய்வு வாங்கிட்டுப் போயாச்சு. மிச்சம் இருக்கற ஒரே தொழிலாளி நீங்கதான். நீங்களும் போயிட்டா, நலத்துறையில இருக்கற நாங்க இருநூறு பேரும் யாரோட நலத்தைப் பாத்துப் பிழைக்கறது?"