மாடி அறை

கல்லூரி திறக்க இரண்டே நாள். வயலை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போன சபாபதி, பேத்திக்கு அறை தேடி, நாற்பது வருஷம் கழித்துக் குடவாசல் பக்கம் வந்து காலையிலிருந்து அலைகிறார். காலியாக இருந்தது இந்த மாடி ஒன்றுதான்.

"வாடகை எட்டாயிரங்க" என்றாள் வீட்டுக்காரி அம்சம்.

"இந்த மூலையிலயா? காலேஜ் வந்தாலும் வந்துச்சு, கொள்ளையா அடிக்கிறீங்க. கொஞ்சம் கொறைம்மா."

"நேத்து வந்தவங்க ஒம்போது தர்றேன்னாங்க. ஐயாங்கிறதாலதான் எட்டு."

"என்னைத் தெரியுமா?"

அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய நோட்டீஸ்: 'எனக்குப் பாத்தியப்பட்ட மனையில் குடிசை போட்டிருக்கும் காத்தான் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டியது.' அடியில் சபாபதியின் கையெழுத்து.

"காத்தான் எங்கப்பாங்க. நீங்க போட்ட கேசு தோத்து, இந்த மனை எங்களுக்கே பட்டாவாச்சு" என்றாள் அம்சம். "பயப்படாம பேத்திய விடுங்க. நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்."